வின்டெலர் வீட்டுப் பிள்ளை

1895-ம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில், ஸ்விட்சர்லாந்து தேசத்தில் ஆராவ் என்ற சிறிய நகரத்தில், ஓர் உபாத்தியாயர் வீட்டுக்குப் பதினாறு வயதுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். அந்த வீட்டிலேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை, உள்ளூர்ப் பள்ளியில் ஒரு வருஷப் படிப்பு என்று ஏற்பாடு. சொந்த தேசமான ஜெர்மனியில் பள்ளிப் படிப்பை நடுவில் விட்டுவிட்டு வந்தவன் அவன். வந்த தேசத்திலோ கலாசாலைப் பிரவேசப் பரீட்சையில் தவறிவிட்டான். தாய் தகப்பனார் இருந்தது இத்தாலியில்.

மூன்று தேசங்களுக்கு நடுவே எதிலும் ஒட்டாமல் நின்ற அந்தப் பையன்தான் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன்.

அவருடைய வாழ்க்கையைச் சொல்லுகிறவர்கள் பெர்லின் நகரத்தைப் பற்றியும் பிரின்ஸ்டனைப் பற்றியும் பக்கம் பக்கமாகச் சொல்லுவார்கள். ஆராவ் நகரத்துக்கு ஒரு பாராவோடு சரி. ஆனால் அறுபது வருஷம் கழித்து, மரணத்தின் வாசலில் நின்றபோதுகூட அவர் மறக்காமல் நினைத்துக்கொண்ட ஊர் அது.

மூனிச்சிலிருந்து ஓட்டம்

ஐன்ஸ்டீன் 1879-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி உல்ம் நகரில் பிறந்தான். மறு வருஷமே குடும்பம் மூனிச்சுக்குக் குடி பெயர்ந்தது. தகப்பனார் ஹெர்மனும் சிற்றப்பா யாக்கோப்பும் சேர்ந்து அங்கே மின்சாரக் கருவிகள் செய்யும் தொழில் நடத்தினார்கள். 1894-ல் தொழில் நொடித்தது. இத்தாலிக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்று குடும்பம் கிளம்பிவிட்டது. படிப்பு கெடக்கூடாதே என்று பையனை மட்டும் உறவினர் பொறுப்பில் மூனிச்சில் விட்டுச் சென்றார்கள்.

அவனுக்கு அந்தப் பள்ளி வேம்பாகக் கசந்தது. பட்டாளத்துக் கவாத்து மாதிரி மனப்பாடம். கேள்வி கேட்டால் அதிகப்பிரசங்கி என்ற பெயர். அவன் வகுப்பில் உட்கார்ந்திருப்பதே தமக்குரிய மரியாதையைக் குலைக்கிறது என்று ஓர் ஆசிரியர் நேருக்கு நேராகவே சொல்லிவிட்டார். போதாக்குறைக்கு, 17 வயது நிறையும் வரையில் ஜெர்மனியில் இருந்துவிட்டால் கட்டாய ராணுவ சேவையிலிருந்து சுலபமாகத் தப்ப முடியாது. நரம்புத் தளர்ச்சி என்று டாக்டரிடம் ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு, 1894 டிசம்பர் கடைசியில் பையன் ரயில் ஏறிவிட்டான். சொல்லாமல் கொள்ளாமல் இத்தாலியில் வந்து இறங்கிய பிள்ளையைக் கண்டு பெற்றோர் திகைத்துப் போனார்கள்.

சூரிச் நகரத்தில் பாலிடெக்னிக் கலாசாலை இருந்தது. அதில் சேருவதற்குப் பிரவேசப் பரீட்சை தேறினால் போதும். ஆனால் வயது 18 ஆகியிருக்க வேண்டும். குடும்ப நண்பர் ஒருவர் சிபாரிசு செய்து, இரண்டு வருஷம் முன்னதாகவே பரீட்சை எழுத அனுமதி வாங்கிக் கொடுத்தார். கணிதத்திலும் பௌதிகத்திலும் பையன் வெளுத்து வாங்கினான். பிரெஞ்சு, உயிர்நூல் முதலிய பொதுப் பாடங்கள் காலை வாரிவிட்டன.

பௌதிகப் பேராசிரியர் வெபருக்கு அவனை விட மனமில்லை. சூரிச்சிலேயே தங்கினால் தம்முடைய வகுப்பில் வந்து உட்காரலாம் என்று அழைத்தார். கலாசாலைத் தலைவர் ஹெர்ட்சாக் அதைவிட நல்ல யோசனை ஒன்று சொன்னார். சூரிச்சுக்கு மேற்கே சுமார் 25 மைலில் உள்ள ஆராவ் நகரத்துப் பள்ளியில் ஒரு வருஷம் படித்து, இறுதிப் பரீட்சை தேறி வரட்டும் என்பது அந்த யோசனை. 1802-ல் ஏற்பட்ட அந்தப் பள்ளி, ஸ்விஸ் கல்வி மேதை பெஸ்டலாட்ஸியின் வழியைப் பின்பற்றி நடந்துவந்தது. பிள்ளைகள் தாமே பார்த்து, தாமே யோசித்து அறிய வேண்டும் என்பது அவர் வழி.

சாப்பாட்டு மேஜை

பையனுக்கு இடம் கொடுத்த யோஸ்ட் வின்டெலர், அதே பள்ளியில் கிரேக்க மொழியும் சரித்திரமும் கற்பித்தவர். சாதாரண உபாத்தியாயர் அல்ல. தம்முடைய மலைநாட்டு மக்கள் பேசும் கொச்சை மொழியின் ஒலிகளை ஆராய்ந்து அவர் 1876-ல் வெளியிட்ட நூலை, பிற்காலத்து மொழி அறிஞர்கள் பெரிதும் மதித்தார்கள். பறவைகள் என்றால் அவருக்கு உயிர். மனத்தில் பட்டதை ஒளிக்காமல் பேசுகிறவர். மனைவியின் பெயர் பௌலினே. ஐன்ஸ்டீனின் தாயார் பெயரும் பௌலினேதான். நான்கு ஆண், மூன்று பெண்ணாக அந்தத் தம்பதிகளுக்கு ஏழு குழந்தைகள்.

அத்தனை பேரும் ஒன்றாக உட்காரும் சாப்பாட்டு மேஜை அது. புஸ்தகம், அரசியல், சங்கீதம் என்று பேச்சு ஓடும். சிறியவர்கள் பெரியவர்களை மறுத்துப் பேசலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மூனிச்சில் கேள்வி கேட்டதற்காக வெறுக்கப்பட்ட பையன், இங்கே கேள்வி கேட்டதற்காக விரும்பப்பட்டான். சில வாரங்களுக்குள்ளேயே வீட்டு எஜமானரை அப்பா என்றும், எஜமானியை அம்மா என்றும் அழைக்கலானான். பெற்ற தாயிடம் கூடச் சொல்லாததை இந்த அம்மாவிடம் சொல்லுவான்.

அவனுடைய சுபாவமே மாறிவிட்டது. தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு விறுவிறு என்று நடப்பதும், எதிரில் இருப்பவர் யாராயிருந்தாலும் அபிப்பிராயத்தைப் பளிச்சென்று சொல்வதும், வாய்விட்டுச் சிரிப்பதும் அந்த வருஷத்து வகுப்புத் தோழர்களின் நினைவில் நின்றுவிட்டன. அதே பையன் பிடிலை எடுத்து மோஸார்ட் வாசித்தால், கேலிப் பேச்செல்லாம் போய் வேறு ஆளாகிவிடுவான். 1896 மார்ச்சில் பள்ளியில் சங்கீதப் பரீட்சை நடந்தது. பேத்தோவனின் சாகித்தியம் ஒன்றை ஐன்ஸ்டீன் என்ற மாணவன் உள்ளம் உணர்ந்து வாசித்ததாகப் பரீட்சை அதிகாரி தனியே குறித்துவைத்தார்.

வின்டெலருக்கு ஜெர்மனியின் ராணுவ வெறி கட்டோடு பிடிக்காது. பிஸ்மார்க் வளர்த்துவிட்ட அந்தப் போக்கு எங்கே கொண்டுபோய் விடுமோ என்று அவர் மேஜையில் அடிக்கடி பேசுவார். பையன் மனத்தில் ஏற்கெனவே இருந்த கசப்புக்கு அந்தப் பேச்சு ஓர் உருவம் கொடுத்தது. அவனுக்காகத் தகப்பனார் மனுப்போட, 1896 ஜனவரி 28-ந் தேதி, 17 வயது நிறைய ஆறு வாரங்களே இருக்கையில், ஜெர்மன் பிரஜாவுரிமையிலிருந்து அவன் விடுபட்டான். அதற்கான கட்டணம் மூன்று மார்க். அன்று தொடங்கி 1901-ல் ஸ்விஸ் பிரஜை ஆகும் வரையில் அவனுக்கு தேசம் என்று ஒன்று கிடையாது. ஹிட்லர் காலத்தில் நாடு விட்டுப் போன பிறகு, அந்தக் கிழவர் எவ்வளவு சரியாகச் சொன்னார் என்று ஐன்ஸ்டீன் வியந்து நினைத்துக்கொண்டார்.

மலையில் வழுக்கிய கால்

படிப்பில் எல்லாம் சுகமாகப் போய்விடவில்லை. பிரெஞ்சிலும் ரசாயனத்திலும் தனிப் பாடம் வைத்துத்தான் மற்றவர்களை எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. முதல் மார்க்குப் பட்டியல் இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தபோது, தகப்பனார் ஹெர்மன் பதறவில்லை. மகனுடைய பட்டியலில் மிக நல்ல மார்க்குகளோடு சுமாரான மார்க்குகளும் கலந்து வருவது தமக்குப் பழக்கமாகிவிட்டது என்று வின்டெலருக்கு எழுதினார்.

1896 ஜூன் மாதம், பூகர்ப்ப சாஸ்திர ஆசிரியர் மியூல்பெர்க் மாணவர்களைச் சென்டிஸ் மலைக்கு அழைத்துப் போனார். 8,200 அடி உயரமுள்ள மலை. மழையில் பாறை வழுக்கிற்று. மலை ஏறுவதற்கு ஏற்ற பூட்ஸ் இல்லாமல் வந்திருந்த ஐன்ஸ்டீன் கால் தவறிச் சரிந்தான். பக்கத்திலிருந்த வகுப்புத் தோழன் ஒருவன் சட்டென்று ஊன்றுகோலை நீட்டினான். அதைப் பற்றிக்கொண்டு பிழைத்தான். அந்தத் தோழன் ஒரு கணம் வேறு பக்கம் பார்த்திருந்தால் இருபதாம் நூற்றாண்டுப் பௌதிகத்தின் கதையே வேறாகியிருக்கும்.

ஏனென்றால் அந்த வருஷத்தில்தான் அவன் மனத்தில் ஒரு கேள்வி முளைத்திருந்தது. ஒளிக்கிரணம் ஒன்றை, ஒளியின் வேகத்திலேயே துரத்திக்கொண்டு ஓடினால் என்ன தெரியும்? ஒரே வேகத்தில் பக்கத்துத் தண்டவாளத்தில் போகும் ரயில், நம் கண்ணுக்கு நிற்பது போலத் தெரிகிறது. அப்படியானால் ஒளி அலையும் நகராமல் நிற்பது போலத் தெரிய வேண்டும். ஆனால் நிற்கும் ஒளி அலையை எவரும் கண்டதில்லை. மாக்ஸ்வெல் என்ற அறிஞர் வகுத்த மின்காந்த விதிகளும் அதற்கு இடம் தரவில்லை. எங்கேயோ ஏதோ தவறு இருக்கிறது. எங்கே? பத்து வருஷம் அந்தக் கேள்வி அவனை விடவில்லை. 1905-ல் வெளிவந்த சார்புக் கொள்கை அதற்குக் கிடைத்த விடை.

மேரி

அந்த வீட்டுப் பெண்களில் ஒருத்தி மேரி. ஐன்ஸ்டீனைவிட ஏறக்குறைய இரண்டு வயது மூத்தவள். உபாத்தியாயினிப் பயிற்சி முடித்துவிட்டு, வேலைக்காகக் காத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். அவள் பியானோ வாசிப்பாள். இவன் பிடில் வாசிப்பான். அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. புது வருஷம் பிறப்பதற்குள் இரண்டு பௌலினே அம்மாள்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. இருவருக்கும் சம்மதமே. வசந்த விடுமுறைக்கு இத்தாலிக்கு வந்த மகன் மேரிக்குக் கடிதம் எழுதுவதையும், முன்பு அவனை மயக்கிய பெண்களையெல்லாம் இப்போது ஏறிட்டுப் பார்க்காததையும் கண்டு தாயார் கேலி செய்தாள். அந்தக் கடிதத்தைத் தான் படித்துப் பார்க்கவில்லை என்று அடியில் ஒரு வரி எழுதி, மேரிக்குத் தன் ஆசீர்வாதத்தையும் சேர்த்து அனுப்பினாள்.

செப்டம்பரில் இறுதிப் பரீட்சை. மிக உயர்ந்த மார்க்கு 6. இரண்டு கணிதப் பாடங்களிலும் பௌதிகத்திலும் சரித்திரத்திலும் ஆறுக்கு ஆறு. பூகோளத்தில் 4. பிரெஞ்சில் 3! எதிர்காலத்தில் என்னவாகப் போகிறாய் என்பதைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் எழுதச் சொன்ன வியாசத்தில் பிழைக்குப் பஞ்சமில்லை. கணிதமும் பௌதிகமும் படித்து அவற்றைக் கற்பிக்கும் உபாத்தியாயராவேன் என்று அதில் எழுதிவைத்தான். ஐன்ஸ்டீன் பள்ளியில் கணக்கில் தோற்றவர் என்று இன்றைக்கும் சிலர் சொல்லிப் பிள்ளைகளைத் தேற்றுகிறார்கள். அந்தச் சான்றிதழைப் பார்த்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

அக்டோபரில் அவன் சூரிச் கலாசாலையில் சேர்ந்தான். மேரி ஒல்ஸ்பெர்க் என்ற கிராமத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனாள். இனி நடந்தவற்றில் ஐன்ஸ்டீனுக்குப் பெருமை இல்லை.

சூரிச்சிலிருந்து மேரிக்கு அடிக்கடி தபால் வந்தது. பிரித்தால் உள்ளே அழுக்குத் துணி! சில சமயம் ஒரு துண்டுக் கடிதம்கூட அதோடு இருக்காது. அவள் முகம் கோணாமல் துவைத்து, உலர்த்தி, மடித்து, கொட்டும் மழையில் காட்டு வழியே தபால் ஆபீசுக்கு நடந்து போய் அனுப்பிவைப்பாள். மூட்டைக்குள் ஒரு வரியாவது இருக்குமா என்று தேடி ஏமாந்ததைக் கடிதத்தில் எழுதுவாள். தேநீர்ப் பாத்திரம் ஒன்று வாங்கி அனுப்பினாள். அதுவும் அவனுக்குப் பிடித்ததாகத் தெரியவில்லை. தன் வகுப்பில் ஆல்பர்ட் என்று ஒரு சிறுவன் இருப்பதையும், அவனிடம் தனக்கு உண்டான பிரியத்தையும் எழுதினாள். கடிதப் போக்குவரத்தை நிறுத்திக்கொள்ளலாம் என்று அவன் எழுதியதும் அவளால் நம்ப முடியவில்லை. ஐன்ஸ்டீனின் தாயாரோ ஒன்றும் அறியாமல், மகன் கடிதம் எழுதுவதில் சோம்பேறியாகிவிட்டான் என்று வருங்கால மருமகளிடமே குறைப்பட்டுக்கொண்டாள்.

1897 மே மாதம், பண்டிகைக்கு வரும்படி வின்டெலர் அம்மாள் அழைத்தாள். அவன் போகவில்லை. மேரிக்கு எழுதத் துணிவில்லாமல் அவளுடைய தாயாருக்கு எழுதினான். தன் அசட்டையாலும் அறியாமையாலும் அந்த அருமைப் பெண்ணுக்கு வேதனை தந்துவிட்டதாகவும், மறுபடியும் சில நாள் இன்பத்துக்காக அந்த வேதனையை வளர்ப்பது தகாது என்றும், அவள் பட்டதில் ஒரு பங்கைத் தானும் படுவதே நியாயம் என்றும், இனித் தனக்குக் கடும் உழைப்பும் இயற்கையின் ஆராய்ச்சியுமே துணை என்றும் அந்தக் கடிதம் சொல்லிற்று. பெண்ணைக் கைவிட்டதைப் பெண்ணின் தாயிடமே ஒப்புக்கொண்ட கடிதம்! மேரி வெகுநாள் மனம் உடைந்து கிடந்தாள்.

இதோடு உறவு முறிந்திருக்க வேண்டும். வேறு எந்த வீடாக இருந்தாலும் வாசற்கதவை அடைத்திருப்பார்கள். வின்டெலர் வீட்டார் அடைக்கவில்லை.

இரண்டு குடும்பங்கள்

சூரிச்சில் ஐன்ஸ்டீனுக்குச் சங்கீதத்தால் நண்பரானவர் மிக்கேல் பெஸ்ஸோ என்ற என்ஜினீயர். அவரை அந்த வீட்டுக்கு அறிமுகம் செய்துவைத்தார். பெஸ்ஸோ 1898-ல் வின்டெலரின் மூத்த மகள் அன்னாவை மணந்துகொண்டார். ஐன்ஸ்டீனின் தங்கை மாயா 1899-ல் உபாத்தியாயினிப் பயிற்சிக்கு ஆராவ் நகரத்துக்கே வந்து மூன்று வருஷம் படித்தாள். 1910-ல் வின்டெலரின் மகன் பால் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். மாப்பிள்ளையாக வேண்டியவர் விலகிப் போன வீட்டில் அவருடைய தங்கை மருமகளானாள்.

ஐன்ஸ்டீனுக்கு மட்டும் ஆராவ் போகச் சிறிது காலம் பயம். 1899-ல், மேரி வீட்டுக்குத் திரும்பி வருகிறாள் என்று தெரிந்ததும், அங்கே அடிக்கடி போகாமலிருப்பதே க்ஷேமம், சில தடவை பார்த்துவிட்டால் மறுபடி பைத்தியமாகிவிடுவேன் என்று, சூரிச்சில் தம்முடன் படித்த மிலேவாவுக்கு எழுதினார். அந்த மிலேவாவைத்தான் 1903-ல் மணந்தார். அந்த மணமும் இனிக்கவில்லை. 1909, 1910-ம் வருஷங்களில் அவர் மேரிக்கு எழுதிய ஏக்கக் கடிதங்கள், அண்மைக் காலத்தில் அச்சில் வந்திருக்கின்றன. மேரி 1911-ல் வேறொருவரை மணந்துகொண்டாள்.

இதற்கிடையே 1906 நவம்பரில் அந்த வீட்டில் இடி விழுந்தது. அமெரிக்காவிலிருந்து சித்தம் கலங்கித் திரும்பியிருந்த மகன் ஜூலியஸ், பெற்ற தாயையும், சகோதரி ரோஸாவின் கணவரையும் சுட்டுக் கொன்றுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டு இறந்தான். ஏழு பிள்ளைகளோடு எட்டாவதாக ஒரு பிள்ளையை ஏற்றுக்கொண்ட தாய்க்கு அப்படி ஒரு முடிவு. அப்போது பெர்ன் நகரத்தில் பேடண்ட் ஆபீசில் வேலை பார்த்த ஐன்ஸ்டீன், செய்தி எட்டியவுடன் வின்டெலருக்கு எழுதினார். தமக்கு அந்த அம்மாள் செய்த நன்மைகளையும், பதிலுக்குத் தாம் கொடுத்த துக்கத்தையும் அந்தக் கடிதத்தில் அவர் மறைக்கவில்லை. யோஸ்ட் வின்டெலர் 1929 வரையில் உயிரோடிருந்தார்.

ஐன்ஸ்டீனின் 1905-ம் ஆண்டு சார்புக் கட்டுரையில் ஆதார நூல் ஒன்றுகூடக் குறிக்கப்படவில்லை. நன்றி மட்டும் ஒரே ஒருவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அவர் பெஸ்ஸோ. அதே பேடண்ட் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு, ஐன்ஸ்டீனோடு கூடவே நடந்து, வாதாடி, யோசனைக்குத் துணையாக இருந்தவர் வின்டெலர் வீட்டு மாப்பிள்ளைதான்.

மாயாவும் பாலும் இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தார்கள். முஸோலினி யூதர்களுக்கு விரோதமான சட்டங்களைக் கொண்டுவந்ததும், 1939-ல் மாயா அண்ணனைத் தேடி அமெரிக்காவுக்குப் போனாள். உடல்நிலையைக் காரணம் காட்டிப் பாலுக்கு அனுமதி மறுத்துவிட்டார்கள். அவர் ஜெனீவாவில் பெஸ்ஸோ வீட்டில் தங்கினார். கணவனும் மனைவியும் அதன் பிறகு சந்திக்கவே இல்லை. பக்கவாதத்தால் படுத்துவிட்ட தங்கைக்கு ஐன்ஸ்டீன் ராத்திரிதோறும் பக்கத்தில் உட்கார்ந்து புஸ்தகம் படித்துச் சொன்னார். 1951-ல் அவள் கண் மூடினாள்.

1955-ல் சூரிச் பாலிடெக்னிக்கின் நூற்றாண்டு நெருங்கியது. அதற்காக அந்த வருஷம் மார்ச் மாதம் ஐன்ஸ்டீன் தம் இளமையைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதிக் கொடுத்தார். 76 வயது. உலகத்துச் சர்வகலாசாலைகள் பலவும் பட்டம் கொடுத்து மாலையிட்டிருந்தன. அதில் அவர் வாய் நிறையப் புகழ்ந்தது ஆராவ் நகரத்துப் பள்ளியை. அங்கே இருந்த சுதந்தரமான காற்றையும், அதிகாரத்தை நம்பாமல் உழைத்த ஆசிரியர்களின் எளிமையையும் மூனிச் பள்ளியோடு ஒப்பிட்டு எழுதினார். ஒளிக்கிரணத்தைத் துரத்திய கேள்வி அங்கே பிறந்ததையும் சொன்னார்.

அதே மாதம் 15-ந் தேதி ஜெனீவாவில் பெஸ்ஸோ காலமானார். அவருடைய வீட்டாருக்கு ஐன்ஸ்டீன் ஆறுதல் கடிதம் எழுதினார். ஏப்ரல் 18-ந் தேதி விடியற்காலை பிரின்ஸ்டன் ஆஸ்பத்திரியில் அவருடைய உயிரும் பிரிந்தது.